கொத்துப்பட்ட குஞ்சும் நாங்களும்

சென்ற வருட இறுதி விடுமுறையில் வாப்பா 20 கோழிக்குஞ்சுகள் வாங்கி வந்தார். பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சுகள். மாரி காலம் என்பதால் அவற்றைக் குசினியில் வைத்தே வளர்ப்பது என்று முடிவானது. தொலைக்காட்சி வந்த மட்டைப்பெட்டி ஒன்று வீட்டில் கிடந்தது. அதற்குள் மரத்தூள் பரப்பி, ஒரு தட்டில் குஞ்சுத் தீனும் ஒரு போத்தல் மூடியில் தண்ணீரும் வைத்து, கூதல் பிடிக்கக் கூடாது என்று 100 வாட் மின்குமிழ் ஒன்றைத் தொங்கவிட்டோம். மழைக்காற்று புகாமல் பெட்டியின் மேல் உரப்பையும் போட்டு மூடினோம். பொறுப்பு என்னுடையது. விடுமுறையில் வேறு வேலை இல்லாதவள் நான்தானே.

ஒன்பதாம் நாள் சுபஹுக்குப் பிறகு உரப்பையைத் தூக்கிப் பார்த்தபோது, ஒரு குஞ்சு மூலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. அதன் வாலடியில் ஒரு ரூபாய் குற்றி அளவுக்குத் தோல் இல்லை. சிவப்பாக ஈரமாக இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு குஞ்சு வந்து அந்தச் சிவப்பில் ஒரு கொத்துக் கொத்தியது. அதன் பின்னால் மற்றொன்று வந்தது. காயப்பட்ட குஞ்சு சத்தமிடக்கூட இல்லை. அது சத்தமிடுவதை நிறுத்தி எவ்வளவு நேரமாகியிருக்கும் என்று நினைத்தபோது எனக்குக் கை நடுங்கியது.

இந்தக் கட்டுரை அந்தக் குஞ்சைப் பற்றியது. முழுவதும் குஞ்சைப் பற்றியது மட்டுமில்லை என்பதை வாசிக்கும் சகோதரிகள் கொஞ்ச நேரத்தில் கண்டுகொள்வார்கள். ஆனாலும் முதலில் குஞ்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஊரில் பல வீடுகளில் கோழி இருக்கிறது. யாருக்காவது உதவும்.

குஞ்சைக் கையிலெடுத்துக்கொண்டு உம்மாவிடம் ஓடினேன். காயத்தில் ஊற்றக் கிருமிநாசினிப் போத்தலையும் எடுத்தேன். உம்மா அதைப் பறித்து வைத்தார். பச்சைப் புண்ணில் அதை ஊற்றினால் எரிவது மட்டுமல்ல, மிஞ்சியிருக்கும் நல்ல தசையும் வெந்துபோகும் என்றார். அரை லீற்றர் கொதித்தாறிய நீரில் ஒரு மட்டத் தேக்கரண்டி உப்புக் கரைத்து, பஞ்சில் நனைத்து, தேய்க்காமல் மேலிருந்து வடியவிட்டுக் கழுவினோம். பிறகு பழைய துவாயில் சுற்றி, சுடுநீர் நிரப்பிய போத்தலுக்குத் துணி சுற்றி அதன் பக்கத்தில் வைத்தோம். காயப்பட்ட குஞ்சைக் கொல்வது பெரும்பாலும் காயமல்ல, குளிரும் தாகமும் பயமும்தான் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

தண்ணீரை வாய்க்குள் ஊற்றக் கூடாது. அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சொண்டின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட வைத்தால் குஞ்சு தானாகத் தலையை உயர்த்தி விழுங்கும். முதல் நாள் ஒரு துளி, இரண்டு துளியாக ஜீவனி கரைத்த நீர் கொடுத்தோம். மாலையில் அவித்த முட்டையின் மஞ்சட்கருவை உதிர்த்து வைத்தோம். “கோழிக்குஞ்சுக்கே முட்டையா?” என்று தம்பி சிரித்தான். பொரிப்பதற்கு முந்திய 21 நாளும் அது முட்டைக்குள் இருந்து சாப்பிட்டது வேறென்ன என்று உம்மம்மா திருப்பிக் கேட்டார். தம்பி வாயை மூடிக்கொண்டு, தன் பங்குக்குக் குஞ்சுக்கு ‘சுல்தான்’ என்று பெயர் வைத்தான்.

வாப்பா கால்நடை வைத்திய அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கதைத்தார். அவர்கள் சொன்ன இரண்டு விடயங்களை மறக்க முடியாது. ஒன்று, ஈ. காயத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும். ஆகவே பெட்டிக்கு நுளம்பு வலை கட்ட வேண்டும். மற்றது, சிவப்பு. கோழிக்குச் சிவப்பு நிறம் கண்ணில் பட்டால் கொத்தாமல் இருக்க முடியாது. காயம் முற்றாக ஆறி, சிவப்பு மறையும்வரை மற்றக் குஞ்சுகளுடன் விடவே கூடாது.

அன்று முழுவதும் சுல்தான் துவாய்க்குள் தூங்கியது. இரண்டாம் நாள் எழுந்து நின்றது. மூன்றாம் நாளிலிருந்து எங்களுக்கு வேறொரு பிரச்சினை வந்தது. காயம் ஆறத் தொடங்கிய குஞ்சு விடாமல் கத்தத் தொடங்கியது. சூடு இருக்கிறது, தீன் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது. ஆனாலும் கத்தியது. “தனியக் கிடக்கிதெல்லோ மகள், அதுதான்” என்றார் உம்மம்மா. தன்னைக் கொத்திக் கிழித்தவர்களிடம் போகத்தான் அது அழுதது. எனக்கு அது விளங்கவில்லை, கோபமும் வந்தது. உம்மம்மா தன் சிறிய முகம்பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து பெட்டியின் பக்கத்தில் சாய்த்து வைத்தார். கண்ணாடிக்குள் இன்னொரு குஞ்சைக் கண்டதும் அதன் கத்தல் அடங்கியது. அன்றிரவு அது அந்தக் கண்ணாடியில் சாய்ந்துகொண்டு தூங்கியது.

ஆறாம் நாள் காயத்தில் பொருக்குக் கட்டியிருந்தது. ஆறிவிட்டது என்று நினைத்து, பகல் 12 மணிக்கு அதைப் பழைய பெட்டியில் விட்டேன். சில விநாடிகள் எல்லாக் குஞ்சுகளும் அசையாமல் பார்த்தன. பிறகு ஒன்று வந்து பொருக்கைக் கொத்திப் பிய்த்தது. இரத்தம் வந்தது. மீதி 18 குஞ்சுகளும் ஓடி வந்தன. எல்லாவற்றையும் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

அன்று மாலை சாச்சா வந்திருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு, “அது அப்படித்தான் புள்ள. பெலமுள்ளது பிழைக்கும், மத்தது சாகும். இது அல்லாஹ் படைச்ச இயற்கை. நீ மினக்கெடாத” என்றார். சாச்சா கெட்ட மனிதரல்ல. நாங்கள் எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். ஆனால் அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. உண்மையில் இது இயற்கைதானா என்று தேடிப் பார்க்கத் தொடங்கினேன்.

கோழிகளுக்குள் ஒரு வரிசை இருப்பது உண்மை. நோர்வே நாட்டைச் சேர்ந்த தோர்லெய்ஃப் ஷெல்டெருப்-எப்பே என்பவர் சிறுவயதிலிருந்தே கோழிகளை அவதானித்துக் குறிப்பெழுதியவர். ஒரு கூட்டத்தில் எந்தக் கோழி எதைக் கொத்தலாம், எது எதற்கு விலகி வழிவிட வேண்டும் என்று ஒழுங்கு இருப்பதை 1921 ஆம் ஆண்டில் அவர் விளக்கினார். அதைத்தான் இன்று கொத்து வரிசை என்கிறார்கள். ஆனால் அந்த வரிசைக்குரிய கொத்து வேறு. தலையில் ஒரு தட்டு, மற்றது விலகும், அவ்வளவோடு முடிந்துவிடும். இரத்தம் வராது. இரத்தம் வரும்வரை, வந்த பிறகும், எல்லோரும் சேர்ந்து ஒன்றையே கொத்துவது அந்த வரிசையில் சேராது. அதற்குக் காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

வளர்ப்புக் கோழியின் மூதாதை ஆசியாவின் சிவப்புக் காட்டுக்கோழி. எமது தேசியப் பறவையான இலங்கைக் காட்டுக்கோழியும் அதன் நெருங்கிய உறவுதான். காட்டில் இவை பகலின் பெரும்பகுதியை நிலத்தைக் கிளறிக் கொத்துவதிலேயே கழிக்கின்றன. கொத்துவது கோழியின் தொழில். கொத்துவதற்குப் புழுவும் இலையும் மண்ணும் இல்லாத இடத்தில் அதை அடைத்துவைத்தால், பக்கத்தில் நிற்பதன் இறகைக் கொத்தும். குஞ்சுக்குப் புது இறகு முளைக்கும் பருவத்தில் இறகின் அடிக்குருத்தில் இரத்தம் ஓடும். அது முறிந்தால் சிவப்புத் தெரியும். மிச்சம் எல்லாம் அதன் பிறகு தானாக நடக்கும்.

அப்படியானால் இதை எது தூண்டுகிறது? இட நெருக்கடி, அதிக வெப்பம், அதிக வெளிச்சம், தீனிலும் தண்ணீரிலும் பற்றாக்குறை, உணவில் புரதமும் உப்பும் போதாமை, கொத்துவதற்கு வேறொன்றும் இல்லாத சலிப்பு. கோழி வளர்ப்போர் எல்லோரும் சொல்லும் பட்டியல் இதுதான். அதை வாசித்துவிட்டு எழுந்து போய் எங்கள் பெட்டியைப் பார்த்தேன்.

ஒன்பது நாளில் குஞ்சுகள் வளர்ந்திருந்தன. பெட்டி வளரவில்லை. முதல் வாரத்தில் 33 முதல் 35 பாகை வரை இருக்க வேண்டிய சூட்டை வாரத்துக்கு ஏறத்தாழ 3 பாகை வீதம் குறைத்துக்கொண்டு வர வேண்டும். நாங்கள் குமிழை ஓர் அங்குலம்கூட உயர்த்தவில்லை. சூடு தாங்காத குஞ்சு சொண்டைத் திறந்து மூச்சு வாங்கும், சிறகை விரித்துக்கொண்டு குமிழிலிருந்து விலகி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். அவை பல நாட்களாக அப்படித்தான் நின்றிருந்தன. “பாருங்க, என்ன வடிவா வரிசையா நிக்கிதுகள்” என்று நான் படம் எடுத்திருந்தேன். இரவு முழுவதும் வெள்ளை வெளிச்சம். 20 குஞ்சுகளுக்கு ஒரே தட்டு. கொத்துவதற்கு ஒரு கீரையிலைகூட இல்லை.

அந்தக் குஞ்சின் வாலடியைக் கிழித்தவை 19 சொண்டுகள். ஆனால் அந்தப் பெட்டியைச் செய்தவள் நான். இதை இயற்கை என்று சொல்லிவிட்டுப் போனால், என் பிழையை அல்லாஹ்வின் படைப்பின் மேல் சுமத்தியவளாவேன்.

அடுத்த நாளே வாப்பா பின் விறாந்தையில் வலையடித்துப் பெரிய அடைப்பு ஒன்று செய்தார். குமிழை மாற்றிச் சிவப்புக் குமிழ் போட்டோம். சிவப்பு வெளிச்சத்தில் இரத்தத்தின் சிவப்பு எடுத்துத் தெரியாது. தீன் தட்டை மூன்றாக்கி மூன்று மூலையில் வைத்தோம். ஒரு தட்டில் விரட்டப்பட்ட குஞ்சு மற்றதில் சாப்பிடலாம். கீரைக்கட்டும் முருங்கை இலையும் எட்டிக் கொத்தும் உயரத்தில் கட்டித் தொங்கவிட்டோம். அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்ததில், கொத்தலைத் தொடக்கி வைப்பது எப்போதும் ஒரே குஞ்சுதான் என்று தெரிந்தது. அதைப் பிடித்து மூன்று நாள் வேறாக வைத்தோம். கோழி வளர்ப்பில் பழகியவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். கொத்துகிறதை எடுத்துக் கொஞ்ச நாள் தனியே வைத்துவிட்டுத் திரும்ப விட்டால், அதன் பழைய அதிகாரம் அங்கே இருக்காது.

சுல்தானின் காயம் முழுதாக ஆற இரண்டு வாரம் சென்றது. இம்முறை அவசரப்படவில்லை. முதலில் அதன் பெட்டியை வலைக்கு இந்தப் பக்கம் வைத்தோம். ஒன்றையொன்று பார்த்தன, தொட முடியாது. பிறகு மற்றக் குஞ்சுகளில் சாதுவான இரண்டைத் தெரிந்தெடுத்து அதனுடன் விட்டோம். அவை கொத்தவில்லை. மூன்றும் பழகின. நான்கு நாளுக்குப் பிறகு ஒரு நாள் மஃரிபுக்குப் பின், எல்லாம் தூங்கியபோது, மூன்றையும் கூட்டத்தின் நடுவில் மெதுவாக வைத்தோம். விடியும்போது அது அங்கே இருந்தது. அந்த இரண்டு குஞ்சுகளும் அதன் இரு பக்கமும் நின்றன. யாரும் கொத்தவில்லை.

இனி நான் சொல்ல வந்த மற்ற விடயம்.

நான் இக்கல்லூரிக்கு உயர்தரம் படிக்க வந்தவள். அதற்கு முன் படித்த பாடசாலையின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே எட்டாம் தரத்தில் ஒரு புதிய பிள்ளை எங்கள் வகுப்புக்கு வந்தாள். வேறு மாவட்டத்தைச் சேர்ந்தவள். அவளுக்குப் பேச்சில் திக்கல் இருந்தது. முதல் வாரம் தமிழ்ப் பாடத்தில் எழுந்து வாசித்தபோது ஒரு சொல்லின் முதல் எழுத்திலேயே நின்றுவிட்டாள். பின் வாங்கிலிருந்து ஒருத்தி அதே எழுத்தை அதே போலச் சொன்னாள். வகுப்புச் சிரித்தது. இடைவேளைக்குள் அது ஒரு பெயராகிவிட்டது. அந்தப் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் அதுவும் ஒரு கொத்தாகிவிடும்.

பெயர் வைத்தவள் நானில்லை. அந்தப் பெயரைச் சொல்லி நான் அவளை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. நான் சிரித்தேன். அவ்வளவுதான் என்று பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வகுப்பாசிரியைக்கு விடயம் தெரியவந்தது. அவர் இரக்கமுள்ளவர். அவளை இனி வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்று மற்ற ஆசிரியைகளிடம் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வாசிப்பு வரிசை அவளிடம் வந்ததும் அவளைத் தாண்டிப் போகும். முன் வாங்கின் ஓரத்தில் தனியாக ஓர் இடமும் கொடுத்தார்கள். அவளைப் பாதுகாத்தாயிற்று என்று எல்லோருக்கும் நிம்மதி. எங்களிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இரண்டாம் தவணைக்குப் பிறகு அவள் வரவில்லை. வாப்பாவுக்கு வேலை மாற்றம் என்றார்கள். நாங்களும் நம்பினோம்.

கண்ணாடியில் சாய்ந்து தூங்கிய குஞ்சைப் பார்த்த இரவில்தான் அந்த முன் வாங்கின் ஓரம் எனக்கு நினைவு வந்தது.

காயப்பட்டதை எடுத்துத் தனியே வைப்பது அவசியம். அது முதல் மணி நேரத்து வேலை. ஆனால் அத்துடன் நாங்கள் நிறுத்திவிடுகிறோம் என்பதுதான் எனது வாதம். “நீ கண்டுகொள்ளாதே” என்கிறோம். “வேறு வகுப்புக்கு மாறு” என்கிறோம். “வேறு பாடசாலை பார்ப்போம்” என்கிறோம். ஒவ்வொரு முறையும் அடிபட்டவளே எழுந்து போக வேண்டியிருக்கிறது. கொத்தியவர்கள் அதே இடத்தில், அதே பெட்டியில், அதே வெளிச்சத்தில் இருக்கிறார்கள். சிவப்பைக் கண்டால் கொத்தப் பழகிய கூட்டம், அடுத்த சிவப்புக்காகக் காத்திருக்கிறது. அவள் போன பிறகு எங்கள் வகுப்பில் அடுத்த தவணை இன்னொருத்திக்குப் பெயர் வைத்தார்கள். அது யாருக்கும் ஆச்சரியமாக இருக்கவில்லை.

“பிள்ளைகள் அப்படித்தான். நாங்களும் இப்படி வளர்ந்தவர்கள்தானே” என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. சாச்சா குஞ்சைப் பற்றிச் சொன்னதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. பிள்ளைகளுக்குள் சண்டை வரும், போட்டி வரும், கோபித்துக்கொண்டு இரண்டு நாள் கதைக்காமலும் இருப்போம். அது தலையில் தட்டும் கொத்து. அதைப் பெரிதாக்க வேண்டியதில்லை. ஆனால் 40 பேர் சேர்ந்து ஒருத்தியின் ஒரே காயத்தை மாதக்கணக்காகத் தொடுவது வேறு. அது நடக்கும் இடத்தில் பெட்டியைப் பார்க்க வேண்டும்.

எங்கள் பெட்டி எப்படி இருக்கிறது? ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை முடிந்த நாளிலிருந்து யாருக்கு எத்தனை புள்ளி என்று வீட்டுக்கு வீடு கேட்டுத் திரிகிறோம். பத்து வயதில் தோற்றவள் என்ற பெயரோடு ஆறாம் தரத்துக்கு வருகிறவள், தனக்குக் கீழே ஒருத்தி இருக்கிறாள் என்று காட்ட யாரையாவது தேடத்தானே செய்வாள்? பாடசாலை முடிந்தால் தனியார் வகுப்பு, அது முடிந்தால் வீட்டுவேலை, பிறகு படிப்பு. ஓடி விளையாட இடமும் இல்லை, நேரமும் இல்லை. முன்பெல்லாம் பாடசாலையில் நடந்தது பாடசாலையோடு போய்விடும் என்று உம்மா சொல்வார். இப்போது வகுப்புக்கென்று ஒரு வட்ஸ்அப் குழு, ஆசிரியை இல்லாத இன்னொரு குழு. ஒருத்தியின் குரலைப் பதிந்து அனுப்பினால் விடியும்வரை அது சுற்றும். எங்கள் பெட்டியிலும் இரவில் வெளிச்சம் அணைவதில்லை.

ஒரு விடயத்தில் நாங்கள் குஞ்சுகளைவிட மோசம். குஞ்சுக்குத் தான் கொத்துவது சதை என்று தெரியாது. அதற்குக் கெட்ட எண்ணமும் இல்லை, பிறகு வருந்தவும் தெரியாது. எங்களுக்குத் தெரியும். சூரா அல்-ஹுஜுராத்தின் 11 ஆவது வசனம் ஒருவரையொருவர் பரிகசிப்பதையும் பட்டப்பெயர் வைப்பதையும் தடுக்கிறது. பெண்கள் பெண்களைப் பரிகசிப்பதைத் தனியாகவும் சொல்லித் தடுக்கிறது. அந்த வசனத்தை நாங்கள் இஸ்லாம் பாடத்தில் மனனம் செய்தோம். பரீட்சையில் எழுதிப் புள்ளியும் எடுத்தோம். அந்த வருடம்தான் அவள் எங்கள் வகுப்பில் இருந்தாள்.

குஞ்சு கூட்டத்தில் சேர்ந்த வாரம், உறவுக்காரி ஒருத்தி மூலம் அவளுடைய தொடர்பைத் தேடிப் பெற்றேன். முதலில் ஒரு செய்தி அனுப்பி, கதைக்கலாமா என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்துச் சம்மதித்தாள். நான் யார் என்று சொன்னதும், “ஞாபகம் இரிக்கி” என்றாள். நான் தயாராக எழுதி வைத்திருந்ததை வாசிப்பது போலச் சொன்னேன்.

“நீங்க ஒண்டும் சொல்லல்லதானே” என்றாள். எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு கொஞ்சம் நிறுத்தி, “ஆனா சிரிச்சீங்க. ஜன்னல் பக்கத்து வாங்குல இருந்து. எனக்கு உங்கட சிரிப்பு வேறயாக் கேக்கும்” என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்டேன். “சரி” என்றாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் அதைச் சொல்லும்படி கேட்கவில்லை. அவள் கதைக்கும்போது இப்போதும் சில எழுத்துகளில் நிற்கிறாள். நின்று, தொடர்ந்து சொல்கிறாள். அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிருந்தால் போதும். எட்டாம் தரத்தில் அவளுக்குத் தேவைப்பட்டதும் அதுதான். வாசிப்பு வரிசை அவளைத் தாண்டிப் போயிருக்க வேண்டியதில்லை. அவள் முடிக்கும்வரை வகுப்பு காத்திருந்திருக்கலாம்.

கொத்தலை ஒரு குஞ்சுதான் தொடங்குகிறது என்று மேலே சொன்னேன். தொடங்கிய ஒன்றால் குஞ்சு சாவதில்லை. பின்னால் ஓடி வருகிற பதினெட்டால்தான் சாகிறது. எங்கள் வகுப்பில் பெயர் வைத்தவள் ஒருத்தி. அந்தப் பெயர் நிலைத்தது எங்கள் சிரிப்பால். நாங்கள் சிரிக்காமல் இருந்திருந்தால் இடைவேளைக்கு முன்பே அது செத்துப்போயிருக்கும்.

சகோதரிகளே, இதை வாசிக்கும் உங்களில் பெரும்பாலானோர் என்னைப் போல் சிரிப்பவர்களாகத்தான் இருப்பீர்கள். உங்களிடம் பெரிய வீரச்செயல் எதையும் நான் கேட்கவில்லை. சிவப்பை மூடுங்கள். அதாவது, ஒருத்தியைப் பற்றி வந்த குரற்பதிவையோ படத்தையோ அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள், அவள் தடுமாறியதை வீட்டில் வந்து நடித்துக் காட்டாதீர்கள். சிரிப்பு வரும் இடத்தில் குனிந்து கொப்பியைப் பாருங்கள். முடிந்தால், அந்தச் சாதுவான இரண்டு குஞ்சுகளில் ஒன்றாகப் போய் அவள் பக்கத்தில் இருங்கள். எதுவும் பேச வேண்டியதில்லை. இடைவேளையில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாலே போதும்.

ஆசிரியைகளுக்கும் பணிவாக ஒன்று சொல்ல விரும்புகிறேன். காயப்பட்டவளை ஓரத்தில் இருத்துவதோடு நின்றுவிடாதீர்கள். அரை மணி நேரம் வகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துவிடும். இடம் மாற்ற வேண்டியவள் தொடக்குகிறவள். பிறகு அவளையும் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் கொத்தலைத் தொடக்கிய குஞ்சையும் நாங்கள் அறுக்கவில்லை. மூன்று நாளில் திரும்ப விட்டோம். அது இப்போது மற்றவற்றோடு சேர்ந்து மேய்கிறது.

பெற்றோரே, பாடசாலை விட்டு வரும் மகளிடம் நீங்கள் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும். “உன்னை யாரும் ஏதும் சொன்னவங்களா?” நல்ல கேள்விதான். அதைக் கேட்பதை நிறுத்த வேண்டாம். ஆனால் எட்டாம் தரத்தில் அந்த மாதங்கள் முழுவதும் என் உம்மா ஒவ்வொரு நாளும் அதைத்தான் கேட்டார். நானும் ஒவ்வொரு நாளும் “இல்ல உம்மா” என்றேன். பொய் சொல்லவில்லை. என்னை யாரும் ஒன்றும் சொல்லவில்லைதான். “நீ யாரையும் ஏதும் சொன்னாயா? யாரையும் பார்த்துச் சிரிச்சாயா?” என்று ஒரே ஒரு நாள் கேட்டிருந்தால் என்னால் அவர் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லியிருக்க முடியாது.

இதை எழுதி முடித்து உம்மாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். கடைசிப் பந்தியை வாசித்துவிட்டு நீண்ட நேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். பிறகு தம்பியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்டார். அவன் உடனே பதில் சொல்லவில்லை.

சுல்தான் பெட்டைக்கோழி என்று மூன்று மாதத்துக்குள் தெரிந்துவிட்டது. பெயரை மாற்றத் தம்பி சம்மதிக்கவில்லை. வாலடியில் இறகு முளைத்து மூடிவிட்டது. பார்ப்பவர்களுக்கு எது கொத்துப்பட்ட குஞ்சு என்று தெரியாது. போன வாரம் முதல் முட்டை இட்டது.